வேறொரு பூச்சியின் வயிறு

எங்கள் விலங்கியல் துறையில் மலர் ஒன்று போடுகிறார்களாம். "முப்பத்தஞ்சு வருஷம் மியூசியத்தைப் பார்த்துக்கிட்டவங்க நீங்க. உங்க அனுபவத்தை ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க எஸ்தர் அக்கா" என்று பிரவீன் போன் செய்தார். பிரவீன் அங்கே உதவிப் பேராசிரியர். நான் வேலையில் இருந்தபோது ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தவர்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். என் முதல் நாள், முதல் பூச்சி, தேவராஜ் சாரின் கண்டிப்பு, ஓய்வு பெற்ற அன்று போர்த்திய பொன்னாடை எல்லாம் அதில் இருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது, ஒரு பொய்கூடக் கிடையாது. மறுநாள் காலையில் எடுத்துப் படித்தபோது எனக்கே சகிக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். மலரில் போட இது தோதுப்படாது என்றால் பிரவீன் போடாமல் விடட்டும், எனக்கு வருத்தமில்லை.

வாசுகி என்று ஒரு பெண் எங்கள் துறையில் ஆராய்ச்சி செய்தாள். அவள் பார்க்காததைப் பார்த்ததாகப் படம் வரைந்தாள் என்று கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு படிப்பை விட்டுப் போனாள். அவள் பார்த்தது உண்மை. அந்தக் கெட்ட பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான். இருபத்தோரு வருஷம் இதை வெளியே சொல்லவில்லை. இந்தக் கட்டுரை வெளியாட்கள் கைக்கும் போகலாம் என்பதால் கல்லூரியின் பெயரை எழுதவில்லை. தப்பு என்னுடையது, கல்லூரிக்கு அதில் பங்கில்லை.

பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் லோயரும் முடித்துவிட்டு லேப் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தவள் நான். முதல் இரண்டு வருஷம் ஜாடி கழுவினேன், பாம்புக்கும் தவளைக்கும் ஃபார்மலின் மாற்றினேன், அலமாரிக்கு நாப்தலின் உருண்டை போட்டேன். ஒருநாள் தேவராஜ் சார் என் கையெழுத்தைப் பார்த்தார். கடுகு கடுகாக எழுதுவேன், ஆனால் தெளிவாக இருக்கும். "பூச்சிக்கு லேபிள் எழுதற கை இதுதான்" என்று சொல்லி என்னைப் பூச்சி அறைக்கு மாற்றினார். அப்புறம் ஓய்வு பெறும்வரை அந்த அறையை விட்டு நான் நகரவில்லை.

தேவராஜ் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் துறைப் பேராசிரியர், அந்துப்பூச்சிகளை வகைப்படுத்துவதில் பெரிய கை. சத்தம் போட்டுத் திட்டவே மாட்டார். திட்டினால் தேவலை என்று இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்துக்கொண்டே, "சரி எஸ்தர், இப்ப நமக்கு எது தெரியாது?" என்று கேட்பார். தெரிந்ததைச் சொன்னால் அவருக்குப் போதாது. தெரியாததைத்தான் முதலில் எழுதச் சொல்வார். பூச்சி ஆணா பெண்ணா என்று நிச்சயமில்லையா, லேபிளில் ஒரு கேள்விக்குறி போடு. பிடித்த தேதி சரியாகத் தெரியாதா, தேதியின் இடத்தைக் காலியாக விடு. ஊகம் செய்து நிரப்பினால் அது திருட்டு என்பார்.

எங்கள் வேலை முறையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விறைத்துப்போன பூச்சியை ஈர மணல் போட்ட டப்பாவில் ஒரு ராத்திரி வைத்தால் இளகும். மார்பின் நடுவில் ஊசி குத்தி, பள்ளம் வெட்டிய பலகையில் உட்காரவைத்து, சிறகுகளை விரித்துக் காகிதப் பட்டைகளால் அழுத்தி ஒரு வாரம் காயவிட வேண்டும். காய்ந்ததும் அதே ஊசியில் லேபிள் குத்துவோம். முதல் லேபிளில் இடம், தேதி, பிடித்தவர் பெயர். இரண்டாவதில் புழு தின்ற செடி. கடைசி லேபிளில் இனத்தின் பெயரும், அதை முடிவு செய்தவர் பெயரும். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அந்த அறையில் இருந்த ஆயிரக்கணக்கான லேபிள்களும் என் கையெழுத்து. ஒன்றிலும் என் பெயர் கிடையாது. பிடித்தவர் பெயர் உண்டு, முடிவு செய்தவர் பெயர் உண்டு, குத்தி ஒட்டியவர் பெயரை யாரும் எழுதுவதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயமும் சொன்னால்தான் நடந்தது புரியும். அந்துப்பூச்சியை இனம் பிரிக்கச் சிறகு மட்டும் போதாது. "சிறகு சட்டை மாதிரி, வயித்து நுனிதான் கைரேகை" என்பார் சார். வயிற்றின் நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவம்தான் கடைசித் தீர்ப்பு. ஆண் பூச்சியின் வயிற்றை உடைத்தெடுத்து, பொட்டாஷ் கரைசலில் போட்டு வெந்நீரில் வைத்து இளக்கி, செதில்களைப் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் அந்தச் சின்ன உறுப்பை எடுத்துப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அதை ஒரு சின்னக் குப்பியில் போட்டுப் பூச்சியோடு வைப்போம். வேலைக்கு வந்த புதிதில் இதைச் சொல்லவே கூச்சப்பட்டு, சர்ச்சில் பக்கத்தில் உட்காரும் அக்காக்கள் "உனக்கு அங்க இன்னா வேலை?" என்று கேட்டால், பூச்சிக்குப் பெயர் எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லி நழுவிவிடுவேன்.

காய்ந்த பூச்சியின் வயிறு லேசாகத் தட்டினாலே உதிர்ந்துவிடும். அதற்கு சாரிடம் ஒரே விதிதான். விழுந்த வயிறு எந்தப் பூச்சியுடையது என்று கண்ணால் பார்த்திருந்தால் ஒட்டலாம், ஒட்டினதை லேபிளில் எழுத வேண்டும். பார்க்கவில்லை என்றால் ஒட்டவே கூடாது. மாத்திரைக் கூடு இருக்கிறதே, அதில் போட்டுக் கேள்விக்குறியோடு டிராயரின் ஓரத்தில் குத்திவிட வேண்டும். இந்த விதியை எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

வாசுகி பீர்க்கன்கரணைப் பெண். ஏரிக்கரையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நொச்சிப் புதர் மண்டிக் கிடக்குமாம். அதில் இலையின் ஓரத்தை மடித்து உள்ளே இருந்துகொண்டு தின்னும் புழுக்களைப் பார்த்து, ஊறுகாய் பாட்டிலில் போட்டு எடுத்துவந்தாள். சார் பார்த்ததும், "தேக்கு இலையைத் தின்கிற ஹைப்ளியா. நம்ம கேம்பஸ் தேக்கிலேயே நிறைய இருக்கே" என்றார். அந்தப் பூச்சி உட்கார்ந்திருந்தால் காய்ந்த சருகுத் துணுக்கு என்றுதான் நினைப்போம். முன்சிறகு மங்கிய பழுப்பு, கூரை போல மூடியிருக்கும். சிறகை விரித்தால்தான் அதன் அழகு தெரியும். பின்சிறகு கறுப்பு, குறுக்கே ஆரஞ்சு நிறப் பட்டை.

"இதுல பட்டை ரெண்டாப் பிரிஞ்சிருக்கு சார். எல்லாத்துலயும் அப்படித்தான் கீது... இருக்கு சார்" என்றாள் வாசுகி. சார் எதிரில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றுதான்.

சார் அவள் சொன்னதை ஒதுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. புழு நெருக்கமாக வளர்ந்தால் ஒரு நிறம், தனியாக வளர்ந்தால் ஒரு நிறம், சிறகுப் பட்டையும் பூச்சிக்குப் பூச்சி மாறும், அதை வைத்து வேறு இனம் என்று சொல்ல முடியாது, ஆண் வேண்டும் என்றார். பத்தொன்பது புழுவில் பாதிக்கு மேல் ஒட்டுண்ணிக் குளவிக்குப் போனது. கடைசியில் சிறகோடு வெளியே வந்தது ஐந்து. நான்கு பெண், ஒரே ஒரு ஆண். அது வெளியே வந்த அன்றே வாசுகி வயிற்று நுனியின் செதிலைப் பிரஷ்ஷால் ஒதுக்கி லென்ஸில் பார்த்து, தன் நோட்டில் பென்சிலால் வரைந்து வைத்தாள். நுனியில் பெண்ணைப் பிடித்துக்கொள்ள இருக்கும் பற்றுறுப்பு தேக்குப் பூச்சிக்கு அகலமாக இருக்கும், இதற்கு ஒடுங்கி ஒரு கொக்கி போல வளைந்திருந்தது. "அக்கா, பாருங்களேன்" என்று என்னையும் கூப்பிட்டாள். கையில் பொட்டாஷ் இருந்ததால் அப்புறம் பார்க்கிறேன் என்றேன். அப்புறம் பார்க்கவில்லை.

அந்த ஆணை நான்தான் விரித்துக் காயவைத்தேன். பதினாலாம் டிராயரில் அதைக் குத்தி, ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இரண்டு பக்கமும் கேம்பஸ் தேக்கில் பிடித்த ஆண் பூச்சிகள் இரண்டைக் குத்தினேன். வாசுகி தன் லேபிளில் "புதிய இனம்?" என்று எழுதச் சொன்னாள். கேள்விக்குறியைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னாள்.

அது மழைக்காலம். ஈரத்துக்கு மர டிராயர்கள் உப்பிக்கொள்ளும். ஐப்பசி பிறந்ததும் சட்டங்களில் மெழுகுவர்த்தி தேய்த்து வைக்க வேண்டும் என்பது சாரின் உத்தரவு. அந்த வருஷம் நான் தேய்க்கவில்லை. மறந்தேன் என்று சொல்லலாம், சோம்பல் என்பதுதான் நிஜம். மறுநாள் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. மியூசியத்தைக் காட்ட வேண்டும், எல்லா டிராயரையும் ஒருமுறை பார்த்துவிடு என்று சார் சொல்லிவிட்டுப் போனார். பதினாலாம் டிராயர் வரவில்லை. காலை சுவரில் ஊன்றிக்கொண்டு வெடுக்கென்று இழுத்தேன்.

மூன்று வயிறும் உதிர்ந்து கீழே உருண்டு கிடந்தன. வாசுகியின் ஆணுடையது ஒன்று, பக்கத்தில் இருந்த தேக்குப் பூச்சிகளுடையவை இரண்டு. எது எதனுடையது என்று நான் பார்க்கவில்லை.

மாத்திரைக் கூடு மேஜையிலேயே இருந்தது. எடுத்து மூன்றையும் போட்டுக் கேள்விக்குறி எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மெழுகு தேய்ச்சீங்களா எஸ்தர்?" என்று கேட்டிருப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு பெரிய பட்டுப்பூச்சியின் முறிந்த உணர்கொம்பை ஒட்டியதற்கு, வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரிடம், "எஸ்தர் கை பட்டா ஒட்டே தெரியாது" என்று சார் சொல்லியிருந்தார். அந்தத் திமிரும் இருந்தது. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் வாங்கின நிறமில்லாத நகப்பூச்சு பாட்டில் ஒன்று, கிழிந்த சிறகு ஒட்டுவதற்காக என் டிராயரில் எப்போதும் இருக்கும். நிறத்தையும் பருமனையும் கண்ணால் அளந்து, மூன்று வயிற்றையும் மூன்று உடலில் ஒட்டினேன். ஊசி முனையில் எடுத்து வைத்த பூச்சு பொட்டு அளவுகூட இல்லை. லேபிளில் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் ஆய்வுக் குழு பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது.

இரண்டு வாரம் கழித்து சார், "வாசுகியோட ஆணை எடுங்க, பார்த்துடலாம்" என்றார். வயிற்றை உடைத்தெடுப்பதும் பொட்டாஷில் போடுவதும் என் வேலை. உடைக்கும்போது ஒட்டு மினுங்கியது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெரும்பாலும் சரியாகத்தான் ஒட்டியிருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பொட்டாஷில் போட்டேன். பொட்டாஷில் நகப்பூச்சும் தடயமில்லாமல் போய்விட்டது.

சார் மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்த்தார். அப்புறம் வாசுகியைக் கூப்பிட்டனுப்பினார். ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன்.

"பாருங்க" என்றார்.

வாசுகி பார்த்தாள். நிமிர்ந்தாள், மறுபடி குனிந்து பார்த்தாள்.

"இது நான் பார்த்தது இல்லை சார்."

"இது தேக்குப் பூச்சி. சந்தேகமே இல்லை. உங்க நோட்டுல இருக்கிற படம் எங்கேருந்து வந்தது?"

"பூச்சி வெளிய வந்த அன்னிக்கு லென்ஸ்ல பார்த்து வரைஞ்சேன் சார்."

"உங்ககிட்ட இருந்த ஆண் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் சார்."

"அப்போ ஒரு பூச்சிக்கு ரெண்டு விதமா இருக்க முடியாதே வாசுகி."

அவள் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இடையில டிராயரை யாராவது எடுத்தாங்களா?"

"யாரும் எடுக்கலைம்மா" என்றேன்.

என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? இருந்திருந்தால் நன்றாயிருக்கும், பேசாமலாவது இருந்திருப்பேன். வாயைத் திறந்து, நாக்கு புரள, இல்லை என்று சொன்னேன். என்னை நம்பி என்னிடம் கேட்டவளிடம் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெரியாதது எது என்று அன்று அவர் கேட்கவில்லை. "பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கீங்க. சிறகுல ஏமாந்தா மன்னிக்கலாம். பார்க்காததை வரையறது வேற" என்றார். குரல் உயரவே இல்லை.

அவளுடைய ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு சனிக்கிழமை அவள் ஏரிக்கரைக்குப் போய்ப் புழு தேடினாள். வெள்ளத்தில் புதர் முழுக்க மூழ்கிக் கிடந்தது. ஒரு மாதத்தில் படிப்பை விட்டுவிட்டாள். நோட்டைக்கூட எடுத்துப் போகவில்லை. "புதிய இனம்?" லேபிளைப் பிடுங்கிவிட்டுத் தேக்குப் பூச்சியின் பெயரை எழுதிக் குத்தச் சொன்னார் சார். எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்கும் அழகாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபையாரோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்வேன். எல்லாருக்கும் பொதுவான வார்த்தைகள் அவை, டிராயரும் நகப்பூச்சும் அதில் வராது. சௌகரியமாக இருந்தது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று பிறரைப் பற்றிப் பேசும்போது நானே சொல்லியிருக்கிறேன், அந்த வெட்கத்தையும் எங்கே போய்ச் சொல்வேன்?

சார் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை மியூசியத்துக்கு வந்தார். உடம்பு தளர்ந்திருந்தது. டிராயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் பதினாலில் நின்றார். "அந்தப் பொண்ணுகிட்ட நான் அவசரப்பட்டுட்டேனோ எஸ்தர்? அந்தப் படம் அவ்வளவு சரியா இருந்தது. கற்பனையில அப்படி வரைய முடியுமான்னு இன்னிக்கும் தோணுது. உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

"தெரியலை சார்" என்றேன். அவரிடம் கற்ற வார்த்தையையே அவரிடம் பொய்யாகச் சொன்னேன். அடுத்த வருஷம் அவர் காலமானார். அவர் மனதில் கிடந்த முள்ளை எடுக்க என்னால் மட்டும்தான் முடியும், எடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

இப்போது பிரவீனின் போனுக்கு வருகிறேன். மலரைப் பற்றிப் பேசிவிட்டு வைக்கப் போனவர், "அக்கா, இன்னொண்ணு. இப்பல்லாம் வயித்தை உடைக்க வேணாம், ஒரு கால் போதும், டி.என்.ஏ. பார்த்துடலாம். பழைய பூச்சிலேருந்தெல்லாம் கால் எடுத்து டெஸ்ட் பண்றோம். பதினாலாம் டிராயர்ல ஒரு தேக்குப் பூச்சிக்குக் கால் வேற இனம்னு சொல்லுது, குப்பியில இருக்கிற உறுப்பு தேக்குன்னு சொல்லுது. டியூபை நான்தான் எங்கயோ மாத்திட்டேன் போல. ஒரே பேஜார். அந்த ரிசல்ட்டைத் தூக்கிப் போட்டுடப் போறேன்" என்றார்.

"சரி தம்பி" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று தோன்றியது. தூக்கிப் போட்டுவிட்டால் முடிந்தது கதை. அந்த நிம்மதியோடுதான் முதல் கட்டுரையை எழுதினேன். மறுநாள் காலை படித்தபோது சகிக்காமல் போனது அதனால்தான். வாசுகிமேல் விழுந்த பழியைப் போலவே இன்னொரு பழியைப் பிரவீன் தன் தலையில் தானே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இதற்கும் நான் சரி தம்பி என்று சொல்லியிருக்கிறேன்.

பெருங்களத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் தாம்பரம் போனேன். பிரவீன் வரும்வரை மியூசிய வாசலில் நின்றேன். வந்ததும், "உங்க டியூப்ல தப்பில்லை தம்பி. வயிறு மாறியிருக்கு. மாத்தினது நான்" என்றேன். அவர் சிரித்தார், விளையாடுகிறேன் என்று நினைத்தார். நகப்பூச்சைக் கரைக்க அசிட்டோனும், பதினாலாம் டிராயரும் கொண்டுவரச் சொன்னேன்.

டிராயர் இப்போது வழுக்கிக்கொண்டு வந்தது. இரும்புச் சட்டம் போட்டிருக்கிறார்கள். வாசுகியின் ஆண் வயிறில்லாமல் நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் நான் ஒட்டிய தேக்குப் பூச்சிகள். வலது பக்கத்துப் பூச்சியின் இடுப்பில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்தேன். இருபத்தோரு வருஷத்துப் பூச்சு இளகி, வயிறு தானாகக் கழன்று வந்தது. பொட்டாஷில் போட்டுத் துலக்கியதும் பிரவீனைப் பார்க்கச் சொன்னேன். அகலமாக இருந்தது. தேக்குதான். அடுத்தது இடது பக்கம்.

இந்த முறை அவர் நெடுநேரம் நிமிரவில்லை. அலமாரியின் அடித்தட்டில் வாசுகியின் நோட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஒவ்வொரு வருஷமும் தூசி தட்டி வைத்தவள் நான்தானே. எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒடுங்கிய உறுப்பு, நுனியில் கொக்கி வளைவு, கொக்கியின் அடியில் இரண்டு முள். படத்திலும் இரண்டு முள்.

"அக்கா" என்றார் பிரவீன். நோட்டைத் தன் பக்கம் இழுத்து மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். பிறகு, "இது புது இனமா, இல்லை வேற ஊர்ல ஏற்கெனவே பேர் வெச்சதான்னு இப்ப சொல்ல முடியாது. இன்னும் பூச்சி வேணும். பீர்க்கன்கரணையில இப்ப நொச்சி இருக்கா பார்க்கணும். ஆனா இது தேக்குப் பூச்சி இல்லை, அது நிச்சயம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வாசுகியிடம் யார் சொல்வது என்று கேட்டார். நான்தான் என்றேன்.

வாசுகி ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். வேளச்சேரி போகும் பஸ்ஸில் ஏறி அவள் வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது சாயங்காலம் ஐந்து மணி. தலை பாதி நரைத்திருந்தது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள், "எஸ்தர் அக்காவா? உள்ள வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகுவர்த்தியில் ஆரம்பித்து அசிட்டோன் வரை சொன்னேன். அவள் சிவப்புப் பேனாவை மூடவே இல்லை.

"யாரும் எடுக்கலைன்னு சொன்னீங்களே அக்கா" என்றாள்.

"ஆமாம்மா. சொன்னேன்."

"நீங்க சொன்னதாலதான் நான் நம்பினேன். சார் சொன்னப்போகூட எனக்கு ஒரு பிடி இருந்துச்சு. டிராயரை யாரும் தொடலைன்னா, நான்தானே பொய்யா வரைஞ்சிருக்கணும்? கொஞ்ச நாள்ல எனக்கே அந்தக் கொக்கியைப் பார்த்த ஞாபகம் போயிடுச்சு. பைத்தியமாடி நீன்னு என்னை நானே கேட்டுகினு இருந்தேன். கிளாஸ்ல பசங்களுக்கு வருஷா வருஷம் சொல்றேன், உங்க கண்ணை நம்பாதீங்கன்னு."

நான் அழுதேன். அழக் கூடாது, அதுவும் அவளிடம் ஏதோ கேட்பது போல ஆகிவிடும் என்று நினைத்தும் அடக்க முடியவில்லை. அவள் சமாதானம் சொல்லவில்லை. மன்னிச்சுட்டேன் அக்கா என்று சொல்லவில்லை. நியாயம்தான்.

பிரவீன் என் போனுக்கு அனுப்பிய இரண்டு படங்களையும் காட்டினேன். ஒன்று மைக்ராஸ்கோப்பில் எடுத்தது, இன்னொன்று அவள் நோட்டின் பக்கம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, ஒன்றையும் மற்றதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வெளியே பஸ் போகும் சத்தம் நாலைந்து தரம் கேட்டது.

"ரெண்டு முள்ளையும் போட்டிருக்கேன்" என்றாள் மெதுவாக.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "லேபிள் எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லைம்மா."

"எழுதுங்க. உங்க கையால எழுதுங்க. பேர் போட்டு எழுதுங்க."

மறுநாள் போய் எழுதினேன். எழுத்து தெளிவாகத்தான் வந்தது. "வயிறு மாற்றி ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர்: எஸ்தர்." முப்பத்தஞ்சு வருஷத்தில் என் பெயர் வந்த ஒரே லேபிள் இது. அதற்குக் கீழே, வாசுகி கேட்டபோது இல்லை என்று சொன்னவரும் எஸ்தர்தான் என்று எழுத நினைத்தேன். சுண்டுவிரல் நகம் அளவுக் காகிதத்தில் அதற்கு மேல் இடமில்லை. மீதியை இங்கே எழுதியிருக்கிறேன்.